தோலில் பூசும் ஜெல் மருந்துகள்: தயாரிப்பும் பயன்பாடும்



மூட்டுவலி, இடுப்புவலி என்றால் மருந்துக்கடையில் ஒரு டியூப் ஜெல் வாங்கித் தேய்த்துக்கொள்வது இன்று சிற்றூர்களிலும் வழக்கமாகிவிட்டது. மேட்டுப்பாளையம், காரமடை, சிறுமுகைப் பகுதிகளில் வாழைத்தார் சுமந்தும், கறிவேப்பிலைத் தோட்டத்தில் மருந்து தெளித்தும் உழைக்கும் குடும்பங்கள் பலவற்றில் இப்படி ஒரு டியூப் இருக்கும். கறவை மாட்டின் மடி வீங்கினால் சோற்றுக்கற்றாழையை அரைத்துப் பூசுவதும் நம்மிடையே பரவி வருகிறது. டியூபில் உள்ள ஜெல் தொழிற்சாலையில் செய்யப்பட்டது. கற்றாழைக் கூழ் நம் வீட்டு அம்மியிலோ மிக்சியிலோ அரைக்கப்பட்டது. எனினும் இரண்டும் ஒரே இனத்தைச் சேர்ந்தவை.

"பூசுகிற மருந்துதானே, கூடினால் என்ன, குறைந்தால் என்ன?" என்று கேட்பவர்கள் உண்டு. இந்த எண்ணம் தவறானது. தோலின் மேல் பூசுவதும் மருந்தை உடலுக்குள் செலுத்தும் வழிகளில் ஒன்றே. ஆகவே மாத்திரைக்கு வேண்டிய அளவும் தூய்மையும் ஜெல்லுக்கும் வேண்டும். ஜெல் என்பது என்ன, அது எவ்வாறு செய்யப்படுகிறது, வீட்டில் எதைச் செய்யலாம், எதைச் செய்யலாகாது என்பவற்றை இப்பாடத்தில் காண்போம்.

ஜெல் என்றால் என்ன?

சப்ஜா விதையைத் தண்ணீரில் போட்டால் சிறிது நேரத்தில் ஒவ்வொரு விதையைச் சுற்றியும் வழவழப்பான உறை உண்டாகிறது. நுங்கின் சதை பெரும்பாலும் நீரே. ஆனாலும் அது ஒழுகுவதில்லை. இவை இயற்கை தந்த ஜெல்கள். நீண்ட சங்கிலி போன்ற பொருள்கள் நீருக்குள் வலைபோல் பின்னி, நீரை ஓடவிடாமல் பிடித்து வைத்திருக்கும் நிலையே ஜெல் ஆகும். வலையாக அமையும் பொருளின் அளவு மிகக் குறைவு. 100 கிராம் ஜெல்லுக்கு 1 அல்லது 2 கிராம் போதுமான வகைகளும் உள்ளன. எஞ்சிய பெரும்பகுதி நீரே. இந்த நீரில் மருந்தைக் கரைத்து வைத்தால் அதுவே ஜெல் மருந்து.

வலை அமைக்கும் பொருள்களில் பல, பயிரிலிருந்தும் கடலிலிருந்தும் கிடைப்பவை. கொத்தவரை விதையிலிருந்து கொத்தவரைப் பசையும், புளியங்கொட்டைப் பருப்பிலிருந்து புளியம்பசையும் எடுக்கப்படுகின்றன. மன்னார் வளைகுடாக் கடற்பாசிகள் அகர், ஆல்ஜினேட் ஆகியவற்றைத் தருகின்றன. பருத்தி நாரிலும் மரக்கூழிலும் உள்ள செல்லுலோசை மாற்றி அமைத்தும் ஜெல் பொருள்கள் செய்யப்படுகின்றன. இவற்றோடு கார்போமர் என்னும் செயற்கைப் பொருளும் மருந்துத் தொழிலில் பெருமளவில் பயன்படுகிறது.

களிம்பு, கிரீம், ஜெல்: வேறுபாடு

களிம்பு பெரும்பாலும் எண்ணெய் அல்லது வாசலின் போன்ற கொழுப்புப் பொருளில் செய்யப்படுகிறது. அது தோலில் நெடுநேரம் தங்கும். வறண்டு வெடித்த தோலுக்கு ஏற்றது. கிரீம் என்பது எண்ணெயும் நீரும் கலந்தது. ஜெல் நீரை அடிப்படையாகக் கொண்டது. பூசியவுடன் குளிர்ச்சி தரும், விரைவில் காயும், பிசுபிசுப்பு இராது, தண்ணீரில் கழுவினால் போய்விடும். முடி நிறைந்த இடத்திலும் எண்ணெய் வழியும் தோலிலும் பூச ஜெல்லே வசதியானது. ஆனால் வறண்ட தோலுக்கு அது அவ்வளவு ஏற்றதன்று. இந்த வேறுபாட்டை அறிந்தே மருத்துவர் ஒன்றை விடுத்து மற்றொன்றை எழுதித் தருகிறார்.

மருந்துக்கூடத்தில் ஜெல் தயாரிக்கும் முறை

கார்போமர் ஜெல்லை எடுத்துக்காட்டாகக் கொள்வோம்.

1. தூய்மைப்படுத்திய நீரில் கார்போமர் தூளைச் சிறிது சிறிதாகத் தூவிக் கலக்குவார்கள். ஒரேயடியாகக் கொட்டினால், கொதிநீரில் மாவைக் கொட்டினாற்போலக் கட்டி கட்டியாகிவிடும்.

2. தூள் சில மணி நேரம் ஊற வேண்டும். இந்நிலையில் கரைசல் புளிப்புத் தன்மையோடு, இளகியே இருக்கும்.

3. வலி மருந்து போன்ற செயற்படு பொருளை, அதற்கேற்ற கரைப்பானில் தனியே கரைத்துச் சேர்ப்பார்கள்.

4. ஜெல் காய்ந்து போகாதிருக்கக் கிளிசரின் அல்லது புரொப்பிலீன் கிளைக்கால் சேர்க்கப்படும். பூஞ்சணமும் பாக்டீரியாவும் வளராதிருக்கப் பாதுகாப்புப் பொருளும் மிகச் சிறிதளவு சேர்க்கப்படும்.

5. இறுதியில் டிரைஎத்தனாலமீன் போன்ற ஒரு காரப் பொருளைச் சொட்டுச் சொட்டாக விடுவார்கள். அதுவரை இளகியிருந்த கரைசல் அப்போது கண்ணெதிரே கெட்டியாகும். காரம் சேர்ந்ததும் சுருண்டு கிடந்த சங்கிலிகள் மின்னேற்றம் பெற்று, ஒன்றையொன்று விலக்கிக்கொண்டு விரிகின்றன. விரிந்த வலைக்குள் நீர் சிறைப்படுகிறது.

6. காற்றுக் குமிழி புகாதபடி மெதுவாகக் கலக்கி, டியூபில் அடைப்பார்கள்.

இத்துடன் வேலை முடிவதில்லை. அமில கார நிலை தோலுக்கு ஒத்திருக்கிறதா, எளிதில் பரவுகிறதா, ஒவ்வொரு கிராமிலும் சொன்ன அளவு மருந்து இருக்கிறதா, கிருமி உள்ளதா என்பவை சோதிக்கப்படும். சூடும் ஈரமும் மிகுந்த அறையில், பொதுவாக 40 டிகிரி செல்சியசில், 6 மாதம் வைத்து மருந்து கெடுகிறதா என்றும் பார்ப்பார்கள். டியூபின் மேல் அச்சிடப்படும் காலாவதி நாள் இத்தகைய ஆய்வுகளைக் கொண்டே வரையறுக்கப்படுகிறது. 1940ஆம் ஆண்டின் மருந்துகள் மற்றும் அழகுசாதனப் பொருள்கள் சட்டப்படி, உரிமம் இன்றி மருந்து தயாரித்து விற்பது குற்றமாகும். மூலிகை ஜெல்லுக்கும் இது பொருந்தும்.

வயலில் விளையும் ஜெல்: சோற்றுக்கற்றாழை

சோற்றுக்கற்றாழை மடலை வெட்டிப் பார்த்தால் மூன்று பகுதிகள் தெரியும். வெளியே பச்சைத் தோல். அதற்கு உட்புறம் மஞ்சள் நிறப் பால். நடுவே கண்ணாடி போன்ற சோறு. பெயருக்குக் காரணமான இந்தச் சோறே இயற்கை ஜெல். இதில் 98 முதல் 99 சதவீதம் நீர். நீரைப் பிடித்து வைப்பது அசிமன்னான் முதலிய நீள்சங்கிலிச் சர்க்கரைப் பொருள்கள்.

மஞ்சள் பாலில் அலோயின் என்னும் பொருள் இருக்கிறது. இது கடும் பேதி உண்டாக்கும். சிலருக்குத் தோலில் அரிப்பும் தரும். இப்பாலைக் காய்ச்சிக் கட்டியாக்கியதே நாட்டு மருந்துக்கடையில் கிடைக்கும் கரியபோளம். அமெரிக்காவில் கற்றாழைப் பால் சேர்ந்த பேதி மருந்துகளை மருத்துவர் சீட்டின்றி விற்பது 2002இல் நிறுத்தப்பட்டது. எனவே மனிதத் தோலில் பூசுவதற்குச் சோறு எடுக்கும்போது, மடலின் அடிப்பகுதியை வெட்டி, வெட்டுவாய் கீழிருக்கும்படி 10 முதல் 15 நிமிடம் சாய்த்து வைத்து மஞ்சள் பாலை வடிய விட வேண்டும். பிறகு தோலைச் சீவி, சோற்றைத் தண்ணீரில் அலசிக்கொள்ள வேண்டும்.

மடலை வெட்டியவுடன் அதிலுள்ள நொதிகள் நீள்சங்கிலிகளை அறுக்கத் தொடங்குகின்றன. கிருமிகளும் பெருகுகின்றன. காலையில் கெட்டியாக இருந்த சோறு மாலையில் நீர்த்துப் போவது இதனால்தான். தொழிற்சாலையில் மடலைக் கழுவி, சில மணி நேரத்திற்குள் சோற்றைப் பிரித்து, சூடாக்கிக் குளிரவைத்து நிலைப்படுத்துகிறார்கள். வீட்டில் இதற்கு வசதியில்லை. ஆகவே வீட்டில் எடுத்த கற்றாழைக் கூழை அன்றன்றே பயன்படுத்திவிட வேண்டும். பாட்டிலில் அடைத்து வைக்கவோ விற்கவோ கூடாது.

கற்றாழையைத் தனிப் பயிராக வைக்க எண்ணுபவர்கள் இதே காரணத்தால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். வடிகால் வசதியுள்ள மணற்பாங்கான நிலத்தில், குறைந்த நீரில் இது வளரும். நட்ட 8 முதல் 12 மாதங்களில் முதிர்ந்த வெளி மடல்களை அறுவடை செய்யத் தொடங்கலாம். ஆனால் அறுத்த மடலை மஞ்சளைப்போல் இருப்பு வைத்து, விலை ஏறும்போது விற்க முடியாது. அருகில் பதப்படுத்தும் ஆலை இருக்கிறதா, யார் வாங்குவார், என்ன விலை, போக்குவரத்துச் செலவு யாருடையது என்பவற்றை எழுத்து மூலம் உறுதி செய்துகொண்ட பிறகே நட வேண்டும். கன்று விற்பவர் வாய்மொழியாகத் தரும் "நாங்களே திரும்ப எடுத்துக்கொள்வோம்" என்ற உறுதியை நம்பி நிலத்தை ஒப்படைக்க வேண்டாம்.

மடிநோய்க்குக் கற்றாழைப் பூச்சு

வீட்டில் செய்யக்கூடிய பூச்சு மருந்துகளில் கறவை மாடு வைத்திருப்போர் அறிய வேண்டியது இது. தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய பேராசிரியர் புண்ணியமூர்த்தி உருவாக்கிப் பரப்பிய மரபுவழி மூலிகை மருத்துவ முறைகளில் இதுவும் ஒன்று. தேசியப் பால்வள வாரியமும் இதைப் பல மாநிலங்களில் பரிந்துரைத்துள்ளது.

ஒரு நாளைக்குத் தேவையானவை:

சோற்றுக்கற்றாழை மடல் – 250 கிராம்
மஞ்சள் தூள் – 50 கிராம்
வெற்றிலைக்குப் போடும் சுண்ணாம்பு – 15 கிராம்

கற்றாழையின் முள் ஓரத்தைச் சீவிவிட்டு, தோலுடன் சிறு துண்டுகளாக நறுக்கி, மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்த்து மைய அரைக்க வேண்டும். விழுது செந்நிறமாக மாறும். ஆரத்தித் தண்ணீர் சிவப்பதும் இதே காரணத்தால்தான். சுண்ணாம்பின் காரத்தில் மஞ்சளின் நிறப்பொருள் செந்நிறம் பெறுகிறது. செந்நிறம் வரவில்லையென்றால் மஞ்சளில் கலப்படம் உள்ளதா, சுண்ணாம்பு பழையதா என்று பார்க்கவும்.

மடியைத் தண்ணீரில் கழுவி, பாலை முழுவதும் கறந்துவிட வேண்டும். விழுதில் ஒரு கைப்பிடி எடுத்து, 150 முதல் 200 மி.லி. தண்ணீரில் கரைத்து, நோய் கண்ட காம்பில் மட்டுமன்றி மடி முழுவதும் பூச வேண்டும். ஒரு நாளைக்கு 8 முதல் 10 முறை, 5 நாட்கள் இவ்வாறு செய்ய வேண்டும். நாள்தோறும் 2 எலுமிச்சம்பழங்களை வெட்டி 3 நாட்களுக்கு உண்ணக் கொடுப்பதும் இம்முறையில் சேரும்.

இத்தனை முறை பூசுவது ஏன் என்று கேட்கலாம். நீர்த்த பூச்சு விரைவில் காய்ந்து உதிர்ந்துவிடும். மடியில் ஈரமாகத் தங்கியிருக்கும் நேரத்தில்தான் மருந்து தோலுக்குள் செல்லும். காலையும் மாலையும் மட்டும் பூசிவிட்டு "கேட்கவில்லை" என்பது முறையைக் குறை கூறுவதாகாது. ஒவ்வொரு நாளும் புதிதாக அரைக்க வேண்டும். சுண்ணாம்பை அளவுக்கு மேல் சேர்த்தால் மடித்தோல் வெந்துவிடும்.

மாட்டிற்குக் காய்ச்சல் கண்டாலோ, தீனி எடுக்காவிட்டாலோ, பாலில் சீழ் அல்லது இரத்தம் வந்தாலோ, மடி கல்லைப்போல் இறுகினாலோ, முதல் நாளே கால்நடை மருத்துவரை அழைக்கவும். பூச்சு மருந்தை நம்பிக் காலம் தாழ்த்தினால் ஒரு காம்பையோ மாட்டையோ இழக்க நேரும். ஆன்டிபயாடிக் ஊசி போட்டால், மருத்துவர் சொல்லும் நாள் வரை பாலைக் கூட்டுறவுச் சங்கத்திற்கு ஊற்றக் கூடாது. தொடக்க நிலையிலேயே நோயைக் கண்டறிவதற்கு, கறவையின் முதல் பீச்சுப் பாலைக் கறுப்புத் துணியில் பீய்ச்சித் திரிதிரியாக இருக்கிறதா என்று நாள்தோறும் பார்ப்பது நல்லது.

தோல் சுவர் அன்று, கதவு

தோலின் வெளிப்படலம் ஒரு மில்லிமீட்டரில் ஏறத்தாழ நூற்றில் ஒரு பங்கு அல்லது இரு பங்கு கனமே உடையது. உடலைக் காப்பது பெரும்பாலும் இந்த மெல்லிய படலம்தான். ஜெல்லில் உள்ள மருந்து இதைக் கடந்தே வலியுள்ள இடத்தை அடைகிறது. ஆனால் நாம் வேண்டுமென்று பூசும் மருந்துக்கு மட்டும் திறந்து, வேண்டாத நஞ்சுக்கு மூடிக்கொள்ளும் கதவு அன்று இது.

பாரத்தியான் என்னும் பூச்சிக்கொல்லி உடலின் எந்தெந்தப் பகுதி வழியாக எவ்வளவு உட்செல்கிறது என்று ஆராய்ந்து 1971இல் முடிவை வெளியிட்டார்கள். முன்கையில் பட்டதில் ஏறத்தாழ 9 சதவீதமே உள்ளே சென்றது. நெற்றியில் 36 சதவீதம்; அக்குளில் 64 சதவீதம்; விதைப்பை வழியாகவோ பட்டதில் ஏறக்குறைய முழுவதுமே உள்ளே சென்றது. முதுகில் சுமக்கும் தெளிப்பானின் வாஷர் கெட்டு மருந்துக் கரைசல் ஒழுகினால், அது நனைப்பது இடுப்பையும் அரையையும்தான். நனைந்த வேட்டியுடன் மீதி டேங்க்கையும் அடித்து முடித்துவிட்டுக் குளிப்போம் என்று இருப்பது எத்தகைய தீங்கு என்பதை இந்தக் கணக்கிலிருந்து உணரலாம். வெயிலும் வியர்வையும் தோல் சிராய்ப்பும் இதை இன்னும் கூட்டும்.

இந்தக் கதவையே காக்க ஒரு ஜெல் செய்யலாகாதா என்று பெங்களூரில் உள்ள இன்ஸ்டெம் என்னும் உயிரணு ஆராய்ச்சி நிறுவனத்தார் முயன்றனர். இறால், நண்டு ஓடுகளிலிருந்து கிடைக்கும் கைட்டோசானுடன் ஆக்சைம் என்னும் வேதிப்பகுதியை இணைத்து அவர்கள் செய்த ஜெல், கரிம பாஸ்பரஸ் வகைப் பூச்சிக்கொல்லிகளைத் தோலின் மேலேயே சிதைத்துவிடுகிறது. அதாவது மருந்தை உள்ளே அனுப்பாமல், நஞ்சை வெளியே தடுக்கும் ஜெல் இது. எலிகளில் இது பயன் தந்ததை 2018இல் வெளியிட்டனர். அதே வேதியியல் கருத்தைத் துணியில் ஏற்றி உருவாக்கிய 'கிசான் கவச்' என்னும் துவைத்து உடுத்தும் பாதுகாப்பு உடை, 2024 டிசம்பரில் 4,000 ரூபாய் விலையில் அறிமுகம் செய்யப்பட்டது.

இவ்வுடை கைக்கு எட்டும் வரை செய்ய வேண்டியவை எளியவை. ஒழுகும் தெளிப்பானைச் சீர் செய்த பிறகே தெளிக்கவும். முழுக்கைச் சட்டையும், இடுப்பைச் சுற்றி நீர்புகாத பிளாஸ்டிக் விரிப்பும் அணியவும். மருந்து உடையில் கொட்டினால் உடனே உடையைக் களைந்து சோப்புப் போட்டுக் குளிக்கவும். தெளிப்பதற்கு முன்போ பின்போ வலி ஜெல், தேங்காயெண்ணெய் முதலியவற்றைப் பூசிக்கொண்டு "காப்பு" என்று நினைக்க வேண்டாம். அவை நஞ்சைத் தடுப்பவை அல்ல.

வலி ஜெல்லைப் பயன்படுத்தும் முறை

கடைகளில் மிகுதியாக விற்பனையாகும் வலி ஜெல்லில் டைக்குளோபினாக் என்னும் மருந்து ஏறத்தாழ 1 சதவீதம் இருக்கும். சில வகைகளில் மெந்தால், மெத்தில் சாலிசிலேட், ஆளிவிதை எண்ணெய் ஆகியவையும் சேர்ந்திருக்கும். இம்மருந்தை மாத்திரையாக விழுங்கும்போது இரத்தத்தில் சேரும் அளவில் ஏறத்தாழ 6 சதவீதமே ஜெல் வழியாகச் சேருகிறது. வயிற்றுப்புண் உள்ளோர்க்கும் முதியோர்க்கும் மருத்துவர்கள் ஜெல்லை விரும்பிக் கொடுப்பது இதனால்தான். ஆயினும் 6 சதவீதம் என்பது சுழியன்று. உடல் முழுவதும் அள்ளிப் பூசினால் கணக்கு மாறிவிடும்.

பூசும் இடத்தைக் கழுவித் துடைத்து, டியூபில் குறித்த அளவு எடுத்து மென்மையாகப் பூசவும். பூசிய பின் கையைக் கழுவவும். வெட்டுக்காயம், புண், கண், வாய் ஆகியவற்றில் படக்கூடாது. பூசிய இடத்தில் வெந்நீர் ஒத்தடம் கொடுப்பதும், துணியால் இறுகக் கட்டுவதும் கூடாது. சூடும் கட்டும் தோலின் கதவை அகலத் திறந்து, கொப்புளம் உண்டாக்கக்கூடும். கருவுற்றோர், ஆஸ்துமா உள்ளோர், சிறுநீரக நோயாளிகள் மருத்துவரைக் கேட்டே பூச வேண்டும். ஒரு வாரத்தில் வலி தணியாவிட்டால் டியூபை மாற்றாமல் மருத்துவரைப் பார்க்கவும்.

மனிதருக்கான வலி ஜெல்லை மாட்டிற்குப் பூச வேண்டாம். மாடு தன் உடலை நக்கும் பழக்கமுடையது. மேலும், டைக்குளோபினாக் செலுத்தப்பட்ட மாடு இறந்து, அதன் சடலத்தைத் தின்னும் பாறுக் கழுகுகள் சிறுநீரகம் கெட்டு மடிகின்றன என்பது 2004இல் மெய்ப்பிக்கப்பட்டது. இந்தியாவில் 2006இல் இம்மருந்து கால்நடைகளுக்குத் தடை செய்யப்பட்டது. 2023இல் அசிக்குளோபினாக்கும் கீட்டோபுரோபெனும் தடைப் பட்டியலில் சேர்ந்தன. நமக்கு அண்மையிலுள்ள மாயாற்றுப் பள்ளத்தாக்கு, தென்னிந்தியாவில் பாறுக் கழுகுகள் எஞ்சியுள்ள சில இடங்களில் ஒன்று. மாட்டின் வலிக்கு மெலாக்சிகாம் போன்ற தீங்கற்ற மருந்தைக் கால்நடை மருத்துவர் தருவார்.

நினைவிற் கொள்ள வேண்டியவை

• தோலில் பூசியது உடலுக்குள் செல்லும். அளவு அறிந்து பூசுக.
• வீட்டில் அரைத்த கூழ் அன்றைக்கு மட்டுமே. பல நாள் வைக்கும் ஜெல், உரிமம் பெற்ற கூடத்தில் செய்யப்பட வேண்டும்.
• டியூபில் தயாரிப்பு எண்ணும் காலாவதி நாளும் பார்த்து வாங்குக.
• விற்பனை உறுதியான பிறகே கற்றாழையை நடுக.

பயிற்சி வினாக்கள்

1. களிம்புக்கும் ஜெல்லுக்கும் உள்ள வேறுபாடு யாது?
2. கற்றாழையின் மஞ்சள் பாலை ஏன் வடித்துவிட வேண்டும்?
3. மடிப்பூச்சை ஒரு நாளில் பல முறை பூசுவது ஏன்?
4. ஒழுகும் தெளிப்பானால் நனையும் உடற்பகுதிகள் எவை? அங்கு நஞ்சு எவ்வளவு உட்செல்லும்?

விடைகள் பாடத்திலேயே உள்ளன. எழுதப் படிக்கத் தெரியாத அண்டை வீட்டாருக்கும் பண்ணையாட்களுக்கும், சிறப்பாகத் தெளிப்பானைத் தூக்குவோர்க்கும், இவற்றைப் படித்துக் காட்டுமாறு உழவர் பெருமக்களைக் கேட்டுக்கொள்கிறோம்.